டாங் டெஸ்டர் வாங்கும் முன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வேலைகளுக்கு எந்த கிளாம்ப் மீட்டர்?

காரிமங்கலம் பக்கம் பம்ப்செட், மோட்டார் வேலை பார்க்கிறேன். வயரிங் பழகும் பையன்கள், தோட்டக்காரர்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகும் தம்பிகள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கம் பல ஊர்களில் போர் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. மீட்டர் தப்பாக ஒரு எண்ணைக் காட்டினால், அந்த ஆழத்திலிருந்து மோட்டாரை வீணாக மேலே ஏற்ற வேண்டி வரும். வண்டி வாடகை, ஆள் கூலி, தண்ணீர் இல்லாமல் வாடும் பயிர் எல்லாமே விவசாயி தலையில்தான் விழும். அதனால் மீட்டர் வாங்கக் கிளம்பும் யாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதன் வாய்க்குள் எந்த ஒயரை விடப் போகிறீர்கள்?

டாங் டெஸ்டரும் கிளாம்ப் மீட்டரும் வேறு வேறா?

ஒன்றேதான். பழைய ஆட்கள் டாங் டெஸ்டர் என்பார்கள், பெட்டியில் கிளாம்ப் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஒயரை வெட்டாமல், கழற்றாமல், அதைச் சுற்றிப் பிடித்து ஆம்ப்ஸ் பார்க்கிற கருவி. ஏ.சி. (வீட்டு லைனில் வரும் கரண்ட்) மட்டும் அளக்கும் மீட்டரின் வாய் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்: உள்ளே போகும் ஒயர் ஒரு சுற்று, வாய்க்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) பல சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் டி.சி.யில் (பேட்டரி, சோலார் பேனல் தரும் கரண்ட்) வேலை செய்யாது. அதனால்தான் சாதாரண டாங் டெஸ்டரை பேட்டரி ஒயரில் மாட்டினால் சைபர் நிற்கும். டி.சி. அளக்க, வாயில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வைத்த மீட்டர் வேண்டும்.

மிக்ஸி ஒயரைப் பிடித்தால் சைபர் காட்டுகிறது. மீட்டர் போய்விட்டதா?

இல்லை. பேஸும் நியூட்ரலும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஒன்றில் போகும் கரண்ட் இன்னொன்றில் திரும்பி வருகிறது, இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒற்றை ஒயரை மட்டும் பிடிக்க வேண்டும். ஒரு அடி எக்ஸ்டென்ஷன் ஒயர் செய்து, நடுவில் மேல் உறையை மட்டும் நீளவாக்கில் கீறி மூன்று ஒயரையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உள் இன்சுலேஷனில் கத்தி படக்கூடாது. என் பையில் அது எப்போதும் இருக்கும்.

தோட்டத்து போர் மோட்டாருக்கு எது போதும்?

ஏ.சி. மட்டும் அளக்கும் 400 ஆம்ப்ஸ் மீட்டர் போதும். ஆனால் அதில் 40 ஆம்ப்ஸ் போல ஒரு சின்ன ரேஞ்ச் இருக்க வேண்டும், அது 0.01 வரை காட்ட வேண்டும். கடையில் 1,000 ஆம்ப்ஸ் மீட்டரைக் காட்டி, ‘பெருசு வாங்குங்க, எல்லாத்துக்கும் ஆகும்’ என்பார்கள். நம் தோட்டத்து மோட்டார் பெரும்பாலும் 5 முதல் 15 ஹெச்.பி.க்குள். தரைமட்ட மோட்டார் என்றால் திரி பேஸில் ஒரு ஹெச்.பி.க்கு ஏறக்குறைய ஒன்றரை ஆம்ப்ஸ் கணக்கு. சப்மெர்சிபிள் அதைவிடக் கூட எடுக்கும். அதன் பிளேட்டில் போட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

சின்ன ரேஞ்ச் ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். மீட்டர் புத்தகத்தில் ‘2 சதவீதம் கூட்டல் 5 டிஜிட்’ என்று துல்லியம் போட்டிருக்கும். 0.1 வரை காட்டும் மீட்டரில் அந்த 5 டிஜிட் என்பது அரை ஆம்ப்ஸ். 3 ஆம்ப்ஸ் லோடு பார்க்கும்போது அரை ஆம்ப்ஸுக்கு மேல் பிசகலாம் என்றால் அந்த எண்ணை வைத்து என்ன முடிவு எடுப்பது? வேறு மீட்டர் கையில் இல்லையென்றால் ஒயரை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். அந்த 5 டிஜிட் பிசகு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், 2 சதவீதம் மட்டும் அப்படியே இருக்கும்.

போர் மோட்டாரில் ஆம்ப்ஸ்தான் உங்கள் கண். எண்ணூறு அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மேலே இருக்கும் மூன்று ஒயர்தான் சொல்லும். தண்ணீர் இறங்கி பம்ப் காற்றை இழுத்தால் ஆம்ப்ஸ் சட்டென்று இறங்கும். மணல் புகுந்து இம்பெல்லர் இறுகினால் ஏறும். வோல்டேஜ் குறைந்தாலும் லோடில் ஓடும் மோட்டார் கூட ஆம்ப்ஸ் இழுக்கும். அதனால் ஆம்ப்ஸ் பார்க்கும் அதே நேரத்தில் வோல்டேஜையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புது மோட்டார் இறக்கிய அன்றே மூன்று பேஸின் ஆம்ப்ஸையும் வோல்டேஜையும் ஸ்டார்ட்டர் கதவின் உள்பக்கம் தேதியோடு மார்க்கரில் எழுதிவிடுவது என் வழக்கம். இரண்டு வருடம் கழித்து வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

மூன்று பேஸில் ஒன்று மட்டும் வித்தியாசமாகக் காட்டுகிறது. மோட்டாரை ஏற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் இந்தத் தவறை நான் செய்தேன். ஏழரை ஹெச்.பி. மோட்டார், பிளேட்டில் 14 ஆம்ப்ஸ். இரண்டு பேஸில் 14.6, 14.9 காட்டியது, மூன்றாவதில் 10.8. காயில் போய்விட்டது என்று சொல்லி மோட்டாரை மேலே எடுக்க வைத்தேன். மேலே வந்த மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. திரும்ப இறக்கி ஓட்டினால் அதே எண்கள். கடைசியில் பார்த்தால், மெயின் சுவிட்சில் ஒரு ஃப்யூஸ் கேரியரின் பித்தளைத் தகடு கருகிப்போய், பிடிப்பே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டைத் தேய்த்துச் சரிசெய்ய கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஏற்றி இறக்கிய கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, ‘தண்ணி வந்துருச்சில்ல, விடுப்பா’ என்றார். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில் சராசரி பாருங்கள்: 14.6, 14.9, 10.8 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 13.4. சராசரியிலிருந்து அதிகம் விலகுவது 10.8, வித்தியாசம் 2.6. அது சராசரியில் ஏறக்குறைய 20 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

அடுத்து மெயினை இறக்கி, சப்ளை இல்லை என்று சோதித்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஸ்டார்ட்டரில் ஒரு இடம் தள்ளி மாட்டுங்கள். மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்போம், 10.8 காட்டியதை பி என்று வையுங்கள். ஆர்-இல் இருந்தது ஒய்-க்கு, ஒய்-இல் இருந்தது பி-க்கு, பி-இல் இருந்தது ஆர்-க்கு. மூன்றையும் சேர்த்து நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டிப் பாருங்கள். குறைந்த எண் அதே பி பேஸிலேயே நின்றால் கோளாறு சப்ளையில்: ஃப்யூஸ், கான்டாக்டர் முனை, ஜம்பர், கம்பத்து இணைப்பு. அந்த எண் மோட்டார் ஒயரோடு சேர்ந்து நகர்ந்துவிட்டால் கோளாறு கேபிளிலோ ஜாயின்டிலோ காயிலிலோ. அதற்கப்புறம் மோட்டாரை ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

டூ பேஸில் கப்பாசிட்டர் போட்டு ஓட்டும் மோட்டாருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மூன்று ஒயரிலும் ஒரே ஆம்ப்ஸ் வராது.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ஆம்ப்ஸ் பாதிதான் காட்டுகிறது. ஏன்?

எந்த ஒயரைப் பிடித்தீர்கள் என்று பாருங்கள். மோட்டாருக்கு ஆறு ஒயர் போகும். டெல்டாவில் ஓடும்போது அந்த ஆறில் எதைப் பிடித்தாலும் காயில் ஆம்ப்ஸ்தான் வரும், அது லைன் ஆம்ப்ஸில் 58 சதவீதம். 20 ஹெச்.பி. மோட்டார் லைனில் 27 எடுத்தால் மோட்டார் ஒயரில் 15.6 காட்டும். பிளேட்டில் இருப்பது லைன் ஆம்ப்ஸ். ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் மூன்று ஒயரைப் பிடியுங்கள்.

ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க முடியுமா?

இன்ரஷ் பட்டன் உள்ள மீட்டரில் முடியும். நேரடி ஸ்டார்ட்டரில் முழு லோடு ஆம்ப்ஸைப் போல 6, 7 மடங்கு ஒரு கணம் இழுக்கும். சாதாரண மீட்டரின் திரை ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறுகிறது, அதற்குள் அந்தக் கணம் போய்விடும். ஸ்டார்ட் செய்தவுடனே எம்.சி.பி. விழுகிறது என்ற புகார் உங்களுக்கு அடிக்கடி வந்தால் மட்டும் இதற்குப் பணம் கொடுங்கள்.

ட்ரூ ஆர்.எம்.எஸ். கட்டாயமா?

கரண்டின் அலை ஒழுங்காக இல்லாவிட்டாலும் உண்மையான ஆம்ப்ஸைக் காட்டும் வசதி அது. வெறும் பம்ப்செட், ஹீட்டர், பழைய ஃபேன் என்றால் கட்டாயமில்லை. ஓசூர் சிப்காட் கம்பெனி வேலைக்கோ, ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களுக்கோ போகிறீர்கள் என்றால் கட்டாயம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்), யு.பி.எஸ்., எல்.இ.டி. டிரைவர், கம்ப்யூட்டர் இவை கரண்டை அலையாக இழுப்பதில்லை, துண்டு துண்டாகக் கடித்து இழுக்கும். சாதாரண மீட்டர் சராசரியை எடுத்து, அலை ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று எண்ணி ஒரு எண்ணைக் காட்டும். இப்படிப்பட்ட லோடில் அது உண்மையைவிட 40 சதவீதம் வரை குறைத்துக் காட்டக்கூடும். ஒயர் கையில் சுடும், மீட்டரோ ‘எல்லாம் சரி’ என்னும்.

வி.எஃப்.டி.யின் அவுட்புட்டில் அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ். மட்டும் போதாது. வேகமான துடிப்புகளை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் எண் நிலையாக நிற்காது, வோல்டேஜ் தாறுமாறாக வரும். மோட்டாரை மெதுவாக ஓட்டும்போது ஃப்ரீக்வென்சி மிகவும் இறங்கிவிடும். உங்கள் மீட்டர் எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து சரியாக அளக்கும் என்று அதன் புத்தகத்தில் பாருங்கள்.

சோலார் பம்ப் வேலைக்கு?

டி.சி. ஆம்ப்ஸ் அளக்கும் மீட்டர், ட்ரூ ஆர்.எம்.எஸ். உடன். முக்கியமாக டி.சி. வோல்டேஜ் எதுவரை தாங்கும் என்று பாருங்கள். ஒரு பேனலுக்கு ஓப்பன் சர்க்யூட்டில் 49 வோல்ட் என்றால், 12 பேனல் வரிசை 588 வோல்ட். குளிரில் பேனலின் வோல்டேஜ் கூடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் அந்த 588 இன்னும் ஏறும். 600 வோல்ட் மீட்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். 1,000 வோல்ட் மீட்டரும், அதே அளவு தாங்கும் புரோப் ஒயரும் வேண்டும்.

டி.சி. அளக்கும் ஒவ்வொரு முறையும், ஒயரைப் பிடிக்கும் முன் வாயை மூடி ஜீரோ பட்டனை அழுத்துங்கள். ஹால் சென்சார் சுற்றுப்புறக் காந்தத்தையும் உணரும், மீட்டரைத் திருப்பிப் பிடித்தாலே எண் கொஞ்சம் நகரும். வெயிலில் லோடு ஓடும்போது பேனல் கனெக்டரை மட்டும் உருவிவிடாதீர்கள். டி.சி. ஆர்க் தானாக அணையாது, கையைப் பொசுக்கிவிடும்.

லாரி, கார் எலக்ட்ரிக்கல் வேலைக்கு ஒரே மீட்டர் ஆகுமா?

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் லாரி வேலை பார்க்கும் தம்பிகள் கேட்பது இது. சிரமம்தான். 24 வோல்ட் லாரி செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்ப்ஸ் இழுக்கும். வண்டியை அணைத்த பிறகு பேட்டரியைக் கசியவிடும் கரண்டோ சில பத்து மில்லி ஆம்ப்ஸ். காரில் 50 மில்லி ஆம்ப்ஸுக்கு மேல் போனாலே தேட வேண்டும். முதலாவதற்கு 600 அல்லது 1,000 ஆம்ப்ஸ் டி.சி. கிளாம்ப். இரண்டாவதற்கு யூனி-டி 210இ போன்ற சின்ன கிளாம்ப்: 2 ஆம்ப்ஸ் ரேஞ்சில் 1 மில்லி ஆம்ப்ஸ் வரை காட்டும், 100 ஆம்ப்ஸோடு நின்றுவிடும், வாயும் சிறியது.

மழை வந்தாலே வீட்டில் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எந்த மீட்டரில் கண்டுபிடிக்கலாம்?

லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர். சாதாரண மீட்டரில் முடியாது. ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையை அறுத்துவிடும் சுவிட்ச். வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தாலும், 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 0.1 ஆம்ப்ஸ் வரை காட்டும் மீட்டருக்கு அது சைபர்.

முன்னே சொன்ன ‘சேர்த்துப் பிடித்தால் சைபர்’ இங்கே நமக்கு உதவுகிறது. பேஸையும் நியூட்ரலையும் வேண்டுமென்றே சேர்த்துப் பிடியுங்கள். போனது முழுதும் திரும்பி வந்தால் சைபர். சுவர் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தால் அந்தக் கசிவு மட்டும் திரையில் வரும். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிக்கொண்டே வந்தால் எந்த சர்க்யூட் என்று தெரிந்துவிடும்.

இதே முறையைப் போர் மோட்டாரிலும் செய்யலாம். மூன்று பேஸ் ஒயரையும் ஒன்றாக வாய்க்குள் விடுங்கள். நல்ல கேபிளில் சைபரை ஒட்டி இருக்கும். நூற்றுக்கணக்கில் மில்லி ஆம்ப்ஸ் வந்தால் கேபிளோ ஜாயின்டோ தண்ணீருக்குள் கசிகிறது. மோட்டாரை நிறுத்தி மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டியில் குளிக்கிற பிள்ளைகளும், ஸ்டார்ட்டரைத் தொடுகிற பெண்களும் இருக்கிற இடம் அது. இந்த ஒரு சோதனையை யாரும் விட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாங்கூழ் ஆலை, கிரானைட் பட்டறைக்கு?

வாய் அகலத்தை முதலில் பாருங்கள். 100 ஹெச்.பி. மோட்டாருக்கு ஏறக்குறைய 135 ஆம்ப்ஸ். 400 ஆம்ப்ஸ் மீட்டர் தாராளம்தான், ஆனால் அந்தக் கேபிள் வாய்க்குள் நுழைய வேண்டுமே. ஒரு பேஸுக்கு இரண்டு கேபிள் சேர்த்து இழுத்திருந்தாலோ, பஸ்பார் தகடாக இருந்தாலோ, கயிறு மாதிரி வளையும் ஃப்ளெக்ஸிபிள் காயில் உள்ளதை வாங்குங்கள். அது ஏ.சி.க்கு மட்டும், சின்ன ஆம்ப்ஸுக்கு ஆகாது.

கூழ் ஆலை வருடத்தில் சில மாதம்தான் ஓடுகிறது. சீசனுக்கு முன் கப்பாசிட்டர் பேங்கை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். 415 வோல்டில் 10 கே.வி.ஏ.ஆர். (கப்பாசிட்டரின் திறன் அளவு) யூனிட் 13.9 ஆம்ப்ஸ் எடுக்க வேண்டும். 9, 10 என்று நின்றால் அது செத்துக்கொண்டிருக்கிறது.

கிரானைட் பட்டறையில் எதிரி தூசி. வாயின் இரு முனையும் சேரும் இடத்தில் மெல்லிய கல்மாவு படிந்தால் முனைகள் ஒட்டாது, ரீடிங் குறைந்து காட்டும். அளக்கும் முன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஒயர் வாயின் நடுவில், நேராக நிற்கட்டும்.

ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு?

மைக்ரோஃபாரட் அளப்பது, டெம்பரேச்சர் புரோப் இரண்டும் உள்ளது. இன்வெர்ட்டர் ஏ.சி. பார்ப்பீர்கள் என்றால் ட்ரூ ஆர்.எம்.எஸ்.

கேட் 3, கேட் 4 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மீட்டரின் முகத்தில் ரோமன் எண்ணில் இருக்கும். இடியோ சுவிட்சிங்கோ லைனில் ஒரு எகிறலை அனுப்பினால், மீட்டர் உங்கள் கையில் வெடிக்காமல் தாங்குமா என்பதைச் சொல்லும் தரம் அது. கேட் 2 பிளக்கில் மாட்டும் கருவிகளுக்கு. கேட் 3 பேனல், டிஸ்ட்ரிப்யூஷன் போர்டு, ஸ்டார்ட்டருக்கு. கேட் 4 கம்பத்திலிருந்து வரும் லைன், மீட்டர் போர்டுக்கு. கேட் 3, 600 வோல்ட் மீட்டரை 6,000 வோல்ட் பல்ஸிலும், கேட் 4, 600 வோல்ட் மீட்டரை 8,000 வோல்ட் பல்ஸிலும் சோதிக்கிறார்கள்.

தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கம்பி நேராகக் கம்பத்திலிருந்து வருகிறது. சித்திரை மழையில் இடி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? பம்ப்செட் வேலைக்கு கேட் 4, 600 வோல்ட் வாங்குங்கள். வேறு எந்த வசதியைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். புரோப் ஒயரிலும் அதே தரம் இருக்க வேண்டும்.

தொடாமலே கரண்ட் காட்டும் வசதியை நம்பலாமா?

கரண்ட் இருக்கிறது என்று கத்தினால் நம்புங்கள். கத்தாவிட்டால் இல்லை என்று நம்பாதீர்கள். தெரிந்த லைவில் மீட்டரைச் சோதித்து, வேலை செய்யும் இடத்தை புரோப் வைத்துப் பார்த்து, மறுபடி தெரிந்த லைவில் சோதியுங்கள்.

எந்த கம்பெனி மீட்டர் நல்லது?

மெக்கோ, மோட்வானே, ஃப்ளூக், கியோரிட்சு, ஹியோகி எல்லாம் தொழில்காரர்கள் கையில் இருப்பவை. பெயரைவிட மாடலின் புத்தகத்தைப் படியுங்கள்: கேட் தரம், சின்ன ரேஞ்ச், டி.சி. உண்டா, வாய் எத்தனை மில்லிமீட்டர். ஓசூர் கம்பெனி ஆர்டர் எடுப்பவர்கள் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் கேலிபிரேஷன் சான்றிதழும் வாங்க வேண்டி வரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

என் பழைய மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் அல்லது ஹீட்டர் ராட் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன பிரித்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி, பேஸை மட்டும் பிடியுங்கள். 230 வோல்ட் இருந்தால் 4.3 ஆம்ப்ஸ் வரும். நம் ஊரில் சாயங்காலம் 210 என்று இறங்கினால் 4.0 தான் வரும். மோட்டார் மாதிரி இல்லை, ஹீட்டரில் வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ஸும் இறங்கும். ஹீட்டரின் வாட்ஸே கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால், ஒரு நல்ல மீட்டரையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் வாயைத் துடையுங்கள், பிறகு பேட்டரியை மாற்றுங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் அந்த மீட்டரை வைத்து யாருடைய மோட்டாரையும் ஏற்றச் சொல்லாதீர்கள்.